புயல் விட்ட மறுநாள் வெயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்த்திகை, மார்கழியில் ஒரு புயல் போய் முதல் வெயில் அடிக்கும் நாளில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடிதான் ஊர்ப் பொதுக்கூட்டம். பக்கெட்டோடு வருபவர்கள், மெத்தையோடு வருபவர்கள், ஃபோனுக்கு டவர் தேடி வருபவர்கள் என்று எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். அங்கே என் காதில் விழுந்த கேள்விகளையும், வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் ஃபோனில் கேட்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நங்கநல்லூரில் இருபது வருஷமாகக் குடியிருப்பவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

அப்படி என்ன விசேஷம் அந்த ஒரு நாளில்? சென்னையில் வருஷம் முழுக்க வெயில்தானே?

அதனால்தான் விசேஷம். பத்து மாதம் வெயிலைத் திட்டித் தீர்க்கிற ஊர் இது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். நமக்கு வெயிலின் அருமை தெரிய மூன்று நாள் அடைமழை வேண்டியிருக்கிறது.

சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வருவது. தினமும் கொஞ்சம் என்று ஒழுங்காக வராது, சில நாட்களிலேயே மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். அதற்குப் பிறகு 2016இல் வர்தா, 2020இல் நிவர், 2022இல் மாண்டஸ், 2023இல் மிக்ஜாம், 2024இல் ஃபெஞ்சல். இதில் மிக்ஜாம் தமிழ்நாட்டுக் கரையைக் கடக்கவே இல்லை. ஆந்திராவின் பாபட்லா பக்கம் போய்க் கடந்தது. போகிற வழியில் நம்மை ஒரு கை பார்த்துவிட்டுப் போனது, அவ்வளவுதான்.

இந்த நாட்களில் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். துவைத்த துணி மூன்றாம் நாளும் நாற்காலி முதுகில் ஈரமாகத் தொங்கும். உப்பு ஜாடி தண்ணீர் விடும். தீக்குச்சி பற்றாது. சுட்ட அப்பளம் தட்டுக்கு வருவதற்குள் துவண்டுவிடும். சுவரைத் தொட்டால் ஜில்லென்று பிசுபிசுக்கும். நான்காம் நாள் காலை சமையலறைத் தரையில் ஒரு சதுரம் வெயில் விழும்போது என் அம்மா காபி டம்ளரோடு அந்தச் சதுரத்துக்குள் போய் நின்றுகொள்வார். கால் காய்கிறதாம்.

காற்று சட்டென்று நின்றுவிட்டது, வெளிச்சம்கூட வருகிறது. புயல் முடிந்ததா?

முடியாமலும் இருக்கலாம். புயலின் நடுவே கண் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே காற்று அடங்கி, மேகமும் கொஞ்சம் விலகியிருக்கும். அது நம் தலைக்கு மேல் வரும்போது எல்லாம் ஓய்ந்தது போலத் தோன்றும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோது இதுதான் நடந்தது. வடக்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்த காற்று பிற்பகலில் கொஞ்ச நேரம் ஓய்ந்தது. எங்கள் தெருவில் ஆட்கள் வெளியே வந்து விழுந்த மரங்களைப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "உள்ள போங்கப்பா, இன்னும் பாதி பாக்கி இருக்கு" என்று கத்தினார். கொஞ்ச நேரத்தில் காற்று தெற்கிலிருந்து திரும்பி வந்தது. முதல் பாதியில் ஒரு பக்கம் சாய்ந்து தப்பிய தூங்குமூஞ்சி மரம் மறுபக்கம் இழுபட்டு விழுந்தது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

வங்கக்கடல் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வது. அதனால் நேர் மேலே கடக்கும் புயலின் முன்பாதியில் வடக்குக் காற்று, பின்பாதியில் தெற்குக் காற்று. செய்தியில் 'கரையைக் கடக்கத் தொடங்கியது' என்பதற்கும் 'முழுமையாகக் கடந்தது' என்பதற்கும் நடுவே சில மணி நேரம் இருக்கும். இரண்டாவது வாக்கியம் வரும்வரை மாடிப் பக்கம் போகாதீர்கள்.

மறுநாள் வானம் ஏன் அவ்வளவு நீலம்?

தூசியும் புகையும் கழுவப்பட்டுவிடுகின்றன. வானத்தின் நீலம் காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் வருவது. தூசி அதில் கலந்தால் எல்லா நிறமும் சேர்ந்து சிதறி வானம் வெளுத்துப்போகும். புயல் விலகும்போது மேகத்தையும் ஈரத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு, நிலப்பக்கத்திலிருந்து உலர்ந்த காற்றை நம் பக்கம் வரவிடுவதும் உண்டு. எங்கள் மாடியிலிருந்து பரங்கிமலை எப்போதும் தெரியும். ஆனால் அன்றைக்குத்தான் அதில் மரம் வேறு, பாறை வேறு என்று தனித்தனியாகத் தெரியும்.

அப்புறம் ஏன் புழுங்குகிறது?

தரை, சுவர், மரம், தேங்கிய தண்ணீர் எல்லாம் ஒரே நேரத்தில் ஆவியாகிறது, காற்றும் அசையவில்லை. டிசம்பரில் நம்மூரில் பகல் வெப்பம் 29, 30 டிகிரிதான். ஆனால் அன்று பதினொரு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டும். முந்தின நாள் வரை போர்வைக்குள் இருந்தவர்கள் ஃபேனை ஐந்தில் வைக்கச் சொல்வார்கள். சென்னைக்காரனைத் திருப்திப்படுத்தவே முடியாது.

அமெரிக்காவில் பனிப்புயலுக்கு மறுநாள் அடிக்கும் வெயிலும் இதுவும் ஒன்றுதானா?

பார்க்க ஒன்று போல இருக்கும், உடம்புக்கு நேர் எதிர். என் தங்கை பாஸ்டன் பக்கம் இருக்கிறாள். அவள் அனுப்பும் படத்தில் வானம் நம் புயல் விட்ட நாள் போலவே பளிங்கு நீலம். முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு, "நல்ல வெயில் அடிக்குதே, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வெளிய போயேன்" என்றேன். "அண்ணா, மைனஸ் பத்து. மூக்கு கையோட வந்துடும்" என்றாள்.

பனிப்புயல் நகர்ந்துபோனதும் அதன் பின்னாலேயே வடக்கிலிருந்து குளிர்ந்த, கனமான, உலர்ந்த காற்று வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் மேகம் இல்லை. மேகம் இல்லாததால் ராத்திரி நிலத்தின் வெப்பம் தங்காமல் மேலே போய்விடும். பகலில் வரும் வெயிலையும் புதுப்பனி நூற்றுக்கு 80, 90 பங்கு திருப்பி அனுப்பிவிடும். ஆக, வெயிலுக்குச் சூடாக்க ஒன்றுமே மிச்சமில்லை. திருப்பி அனுப்பிய வெளிச்சம் கண்ணில் பாய்வதால் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே நடக்க முடியாது. கன்னம் விறைக்கிற குளிரில் தாடைக்குக் கீழே வெயில் பட்டுத் தோல் சிவக்கும் என்று அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. கீழேயிருந்தும் வெயில் அடிக்கிறது என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அளவை வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 2022 ஜனவரி 29 அன்று பாஸ்டனில் 23.6 அங்குலம் பனி விழுந்தது, அந்த ஊரின் ஒருநாள் சாதனைக்குச் சமம். பத்து அங்குலப் பனியை உருக்கினால் சுமாராக ஓர் அங்குலம் தண்ணீர் என்பது பொதுக்கணக்கு. அப்படியானால் அந்தச் சாதனைப் பனி மொத்தமும் ஆறு சென்டிமீட்டர் மழை. நமக்கு அது ஒரு சாயங்கால மழை. தாம்பரத்தில் பெய்த 49 சென்டிமீட்டரைப் பனியாக மாற்றினால் பதினாறு அடி உயரம் வரும், முதல் மாடி ஜன்னல் மூடிவிடும். "உங்க ஊர் மழை எவ்வளவோ தேவலைன்னு நினைச்சேன்" என்றாள் தங்கை. ஆனால் நம் தண்ணீர் எப்படியோ வடிந்துவிடும். அவர்கள் பனி வாரக்கணக்கில் வாசலிலேயே கிடக்கும், வாரித்தான் தள்ள வேண்டும்.

இரண்டு ஊருக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை, வண்டி. அங்கே காரின் புகைக்குழாயை மூடியிருக்கும் பனியை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் விஷப்புகை உள்ளே வரும். இங்கே தண்ணீரில் மூழ்கிய பைக்கை, வெயில் வந்துவிட்டதே என்று ஆசையாக ஸ்டார்ட் செய்தால் எஞ்சினுக்குள் இருக்கும் தண்ணீர் அதைக் காலி செய்துவிடும். இரண்டு நாள் நடந்தே போங்கள். மெக்கானிக் பார்த்த பிறகு சாவியைத் தொடலாம்.

முதலில் எதைக் காயப்போடுவது?

மெத்தை. எது காய அதிக நேரம் எடுக்குமோ அதுதான் முதலில் மேலே போக வேண்டும். பலர் காலையில் துணியைப் போட்டுக் கொடியை நிரப்பிவிட்டு, பன்னிரண்டு மணிக்கு மெத்தை ஞாபகம் வந்து ஓடுவார்கள். டிசம்பரில் சூரியன் உதிப்பது ஆறேகாலுக்கு மேல், மறைவது ஐந்தே முக்காலை ஒட்டி. மாடித் தரை ஈரம் போக எட்டரை ஆகும். மிச்சம் இருக்கும் எட்டு மணி நேரத்தில் இலவம்பஞ்சு மெத்தை இரண்டு பக்கமும் காய வேண்டும். நடு மதியத்தில் ஒரு தடவை திருப்பிப் போட்டுக் கம்பால் தட்டுங்கள். தட்டும்போது வரும் சத்தமே சொல்லிவிடும்: ஈரம் இருந்தால் பொத்து பொத்தென்று கேட்கும், காய்ந்திருந்தால் டப் டப்பென்று எழும்பும்.

இன்னொரு விஷயம், இதை நான் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகிறது. சென்னையில் உச்சிப்பொழுதில்கூட 53 டிகிரி உயரத்துக்குத்தான் வரும். அதனால் மாடியின் தெற்குக் கைப்பிடிச் சுவர் நாலடி உயரம் என்றால், நட்ட நடு மதியத்திலேயே அதன் நிழல் மூன்றடிக்கு விழும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம். சித்திரையில் எந்த மூலையில் போட்டாலும் காய்ந்த ஞாபகத்தில் நான் தெற்குச் சுவரை ஒட்டியே மெத்தையைப் போட்டுவந்தேன், பாதி மெத்தை எப்போதும் சில்லென்று இருந்தது. வடக்குப் பக்கமாகப் போடுங்கள்.

மெத்தைக்குப் பிறகு போர்வை, தலையணை, பள்ளிச் சீருடை, துண்டு. உள்ளாடைகளை வெட்கப்பட்டுச் சேலைக்குப் பின்னால் மறைக்காமல் நேர் வெயிலிலேயே போடுங்கள். பட்டுச் சேலைக்கு நிழற்காற்று போதும். ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்துப் படுக்கவைத்தால் சீக்கிரம் காயும்.

வீட்டுக்குள் புகுந்த தண்ணீரில் ஊறிய பஞ்சு மெத்தையைக் காயவைக்காதீர்கள். அதில் சாக்கடையும் கலந்திருக்கும், எவ்வளவு வெயில் அடித்தாலும் அது போகாது. மனசைத் தேற்றிக்கொண்டு தூக்கிப் போட வேண்டியதுதான்.

மழையில் ஊறிய கதவு மூடவில்லை. தச்சரைக் கூப்பிடட்டுமா?

வேண்டாம். இப்போது இழைத்தால் பொங்கலுக்குள் கதவு சுருங்கி, விரல் நுழைகிற அளவுக்குச் சந்து விழும். இரண்டு வாரம் பொறுங்கள்.

அரிசி, பருப்பு, மிளகாய் எல்லாம் காயப்போடலாமா? வடாம்?

மிளகாய், புளி, பருப்பு தாராளமாகப் போடலாம், காக்காய்க்கு ஒரு கண் வைத்துக்கொண்டு. அரிசியை நேர் வெயிலில் பரப்பினால் மணியில் கீறல் விழுந்து வடிக்கும்போது நொய்யாகிவிடும். வண்டு வந்திருந்தால் நிழலில் பரப்பிப் புடைத்தாலே போதும். வடாம் மாசி, பங்குனி விஷயம். ஒரு நாள் வெயிலை நம்பி மாவைக் கிளறி, மறுநாள் மேகம் போட்டால் மொத்தமும் பூஞ்சைக்குத்தான். எங்கள் மூன்றாவது மாடி மாமி ஒரு தடவை ஜவ்வரிசி வடாம் போட்டுப் பார்த்தார். அதைப் பற்றி இப்போது யாரும் அவரிடம் பேசுவதில்லை.

நனைந்த புத்தகமும் கல்யாண ஆல்பமும்?

இரண்டையும் வெயிலில் வைக்கக் கூடாது. புத்தகத்தை நிமிர்த்தி விசிறி போல விரித்து, ஃபேனுக்கு அடியில், நிழலில். பக்கங்களுக்கு நடுவே உறிஞ்சும் தாள் வைத்து, அது ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருங்கள். வெயிலில் வைத்தால் தாள் அலை அலையாகச் சுருண்டு அட்டை வளைந்துவிடும். பழைய ஃபோட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் காயும் முன்பே நல்ல தண்ணீரில் ஊறவிட்டு மெதுவாகப் பிரித்து, படம் மேலே பார்க்க, நிழலில் உலர்த்துங்கள். ஒட்டியபடியே காய்ந்துவிட்டால் பிறகு பிரிப்பது கஷ்டம். இவ்வளவும் முடிவதற்குள் யாராவது ஒருவர் அந்த ஆல்பத்தைப் பார்த்துக் கதை சொல்ல உட்கார்ந்துவிடுவார், அதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடிக் கொடி யாருக்கு?

முதலில் வந்தவருக்கு என்றால் ஐந்தரைக்கே ஈரத் துணியோடு இருட்டில் நிற்பார்கள். எங்கள் குடியிருப்பில் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு முதல் இடம், தரைத்தளத்துக்கு இரண்டாவது. மற்றவர்கள் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

பம்பு மோட்டாரைப் போடலாமா?

மோட்டாரோ மீட்டர் பெட்டியோ நனைந்திருந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் சுவிட்சைத் தொடாதீர்கள். மேலே காய்ந்தது போல இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். தொங்கும் மின்கம்பிக்கு மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987. விழுந்த மரத்துக்கும் தேங்கிய தண்ணீருக்கும் மாநகராட்சி எண் 1913. சம்ப்பில் வெளித்தண்ணீர் கலந்திருந்தால் இறைத்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகே நிரப்புங்கள்.

பள்ளிக்கு லீவு விட்டால் மட்டும் எப்படி வெயில் அடிக்கிறது?

சென்னைப் பிள்ளைகளின் நெடுநாள் ஆராய்ச்சி இது. லீவு முடிவை முந்தின நாள் இரவிலோ விடியற்காலையிலோ எடுத்தாக வேண்டும். அதற்குள் காற்றழுத்தத் தாழ்வு ஐம்பது கிலோமீட்டர் அந்தப் பக்கம் நகர்ந்தாலும் மழை வேறு ஊருக்குப் போய்விடும். ரெட் அலர்ட் என்றால் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யக்கூடும் என்று பொருள். பெய்தே தீரும் என்றில்லை.

2024 அக்டோபர் 16 ஞாபகம் இருக்கிறதா? சென்னைக்கு ரெட் அலர்ட், பள்ளிக்கு விடுமுறை. மழைக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். அன்று எதிர்பார்த்த பெருமழை வரவே இல்லை. சிரித்தவர்கள் நிறைய. நான் சிரிக்கவில்லை. முந்தைய வருஷம் மிக்ஜாமில் கார் மூழ்கியவர்கள், இந்தத் தடவையாவது காப்பாற்றிவிடலாம் என்று போய் நிறுத்தியது அது. லீவு வீணாகப் போனதும் எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. அன்றைக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் ஆடிய கிரிக்கெட்டில் ஈரப் பந்து ஒவ்வொரு சுவரிலும் வட்ட வட்டமாக முத்திரை குத்தியிருந்தது.

கடற்கரைக்குப் போகலாமா?

மணல் வரைக்கும் போகலாம், தண்ணீரில் கால் வைக்க வேண்டாம். வானம் தெளிந்துவிட்டாலும் கடலுக்குள் அலை அடங்க இன்னும் சில நாள் பிடிக்கும். கரையோரத்தில் மணல் அரிக்கப்பட்டு, போன வாரம் முழங்காலளவு இருந்த இடத்தில் இப்போது பள்ளம் இருக்கலாம். கூவமும் அடையாறும் ஊர் அழுக்கையெல்லாம் அடித்துக்கொண்டு வந்து கலப்பதால் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருக்கும், ஆகாயத்தாமரை கொத்துக்கொத்தாகக் கரையில் ஒதுங்கியிருக்கும். 2019 கடைசியில் மழைக்குப் பிறகு பட்டினப்பாக்கம் பக்கம் வெள்ளை நுரை முழங்கால் உயரத்துக்கு ஒதுங்கியது, பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். அழகாகத்தான் இருந்தது, ஆனால் அது கழிவு கலந்த நுரை.

பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. மெரினாவில் மணல் நடுவிலேயே குளம் கட்டி நிற்கும், அதில் வானம் தெரியும். 2022இல் மாற்றுத்திறனாளிகளுக்காகக் கடல் வரை போட்ட மரப்பாதை, திறந்து இரண்டு வாரம் ஆவதற்குள் மாண்டஸ் புயலில் சேதமானது. பிறகு சரிசெய்தார்கள். நொச்சிக்குப்பம் பக்கம் படகுகளை மேலே இழுத்துவைத்து, வலையை விரித்துச் சிக்கெடுத்துக்கொண்டிருப்பார்கள். படம் எடுக்கும் அவசரத்தில் அந்த வலையை மிதித்துவிடாதீர்கள். கடலுக்குப் போகாத ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு வருமானம் இல்லாத நாள்.

பள்ளிக்கரணையில் பறவை பார்க்க இதுதான் சமயமா?

பூநாரை பார்க்க என்றால் அவசரப்படாதீர்கள். அதற்குக் காலளவு தண்ணீர்தான் வேண்டும். புயல் முடிந்த கையோடு சதுப்பு நிலம் நிரம்பி ஆழமாகக் கிடக்கும். தை பிறந்து தண்ணீர் கொஞ்சம் இறங்கட்டும். ஆனால் முதல் வெயில் நாளன்று நீர்க்காகமும் பாம்புத்தாராவும் இறக்கையை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டு காயவைக்கும் காட்சி கிடைக்கும். நம் மாடிக் கொடிக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் வீட்டு மாடியிலேயே தட்டான்களைப் பாருங்கள். பத்து மணி வெயிலில் தலைக்கு மேல் ஓராள் உயரத்தில் நூற்றுக்கணக்கில், ஒன்றோடொன்று மோதாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

எவ்வளவு நேரம் வெயிலில் உட்காரலாம்?

உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் தோலில் வைட்டமின் டி நன்றாக உருவாகும். டிசம்பர் சென்னையில் அது காலை பத்தேகாலிலிருந்து மதியம் ஒன்றே முக்கால் வரை. கையும் காலும் வெயில் படும்படி ஒரு இருபது நிமிஷம் உட்காரலாம். வயதானவர்களுக்கு அந்த வெயில் உறைத்தால் எட்டு மணி இளவெயிலே போதும், வைட்டமின் குறைவாகக் கிடைத்தாலும் மூட்டுக்கு இதமாக இருக்கும். என் அம்மா நிழலையெல்லாம் அளப்பதில்லை. பக்கத்து வீட்டு அம்மா மேலே வரும்போது தானும் வருவார், அவர் இறங்கும்போது இறங்குவார்.

பிள்ளைகள் தெருத் தண்ணீரில் விளையாடலாமா?

கூடாது. எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரிலிருந்துதான் வரும், காலில் சிறு கீறல் இருந்தால் போதும். அவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள். மாடியில், சன்ஷேடில், பூந்தொட்டித் தட்டில், பழைய டயரில் நிற்கும் தண்ணீரையெல்லாம் தேடிப்பிடித்துக் கொட்டச் சொல்லுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஒரு இடத்துக்கு ஒரு ரூபாய் என்று நான் அறிவித்த வருஷம் நாற்பத்து மூன்று ரூபாய் செலவாயிற்று. அதில் சில இடங்களில் அவர்களே தண்ணீர் ஊற்றிவைத்தார்கள் என்று சந்தேகம்.

முருங்கை மரம் முறிந்துவிட்டது. என்ன செய்வது?

தெருவுக்கே கீரை கொடுங்கள். முருங்கை கொஞ்சம் காற்றுக்கே முறியும், அதே வேகத்தில் துளிர்க்கவும் செய்யும். கை மணிக்கட்டுப் பருமனில் நாலைந்தடிப் போத்தாக வெட்டி, தண்ணீர் நிற்காத இடத்தில் நட்டுவிடுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அப்படி நட்ட போத்திலிருந்துதான் இப்போது எங்கள் வீட்டுச் சாம்பாருக்குக் காய் வருகிறது.

அன்றைக்கு என்ன சமைக்கலாம்?

நல்ல மீனை எதிர்பார்க்காதீர்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு இறங்கி, படகு போய்த் திரும்பினால்தான் காசிமேட்டுக்குச் சரக்கு வரும். அதுவரை கிடைப்பது ஐஸில் இருந்த பழைய மீன், அதுவும் வஞ்சிரம் விலை கேட்டால் வெயில் இல்லாமலே வியர்க்கும். கருவாட்டுக் குழம்பும் அந்த முருங்கைக்கீரையும் போதும். சைவ வீடு என்றால் மூன்று நாளாக ரசமும் பருப்புத் துவையலுமாக ஓட்டியிருப்பீர்கள், வெயில் வந்த தைரியத்தில் மோர்க்குழம்புக்குத் திரும்பலாம்.

கீழ்வீட்டில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. நாம் மாடியில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டு வெயில் காய்வது தப்பில்லையா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது என் மகள். ஒரே வெயில்தான் அடிக்கிறது, ஆனால் எல்லாருக்கும் ஒரே நாளில் புயல் முடிவதில்லை. மிக்ஜாமின்போது மழை விட்டு வெயில் வந்த பிறகும் பெரும்பாக்கம், முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கமெல்லாம் நாள்கணக்கில் படகு ஓடியது. அவர்களுக்கு அந்த நீல வானம் எரிச்சலைத்தான் கொடுத்திருக்கும்.

நாங்கள் அன்று செய்தது இதுதான். பஜ்ஜித் தட்டோடு கீழே போனோம். தரைத்தளத்துக்காரர் முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு பீரோவின் அடித்தட்டை இழுத்துக்கொண்டிருந்தார். தட்டை மாடிப்படியில் வைத்துவிட்டு நாலு பேர் பீரோவைத் தூக்கினோம். துணிமணியெல்லாம் எங்கள் கொடிக்குப் போயிற்று. பிறகு அவரும் மேலே வந்து ஆறிப்போன வாழைக்காய் பஜ்ஜியைச் சாப்பிட்டுக்கொண்டே, "நல்ல வெயில் சார்" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. ஆகவே என் பதில்: சாப்பிடுங்கள், ஆனால் கீழே ஒரு நடை போய்விட்டு வந்து. படத்தை எல்லாருக்கும் அனுப்புவதை மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

கரண்ட் இன்னும் வரவில்லை. ராத்திரி என்ன செய்வது?

மாடிக்குப் போங்கள். தூசி இல்லாத வானம், தெருவிளக்கு இல்லாத தெரு, இரண்டும் சென்னையில் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். டிசம்பரில் எட்டு மணிக்குக் கிழக்கே பார்த்தால் மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் இருக்கும். அதற்கு ஒரு பக்கத்தில் செம்மையாக மின்னுவது திருவாதிரை.

வர்தா வந்த நாள் கார்த்திகை தீபம். வாசலில் ஏற்ற வாங்கிவைத்த அகல்கள் அன்று காற்றில் நிற்கவில்லை. அதன் பிறகு கரண்ட் வரும்வரை ஒவ்வொரு ராத்திரியும் சமையல் மேடையிலும் குளியலறை வாசலிலும் அவைதான் எரிந்தன. கடையில் மெழுகுவத்தி தீர்ந்துபோயிருந்தது, எங்கள் வீட்டில் நல்லெண்ணெய் இருந்தது. புயலுக்கு மறுநாள் பௌர்ணமி. மாடியில் விளக்கே தேவைப்படவில்லை, விழுந்த மரங்களின் நிழல்கூடத் தெரிந்தது.

இந்த வெயில் எத்தனை நாள் நிற்கும்?

அந்தமான் பக்கம் அடுத்த தாழ்வு உருவாகிவிட்டதா என்பதைப் பொறுத்தது. நாலைந்து நாள் கிடைத்தாலே அதிர்ஷ்டம். வெயில் அடிக்கும்போதே தூறினால் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்று சிரிப்போம், ஆனால் கிழக்கிலிருந்து தாழ்வாக, வேகமாக மேகத்துண்டுகள் வர ஆரம்பித்தால் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கொடியைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை கரையோரத்தில் பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் வலுக்கும். அதனால் "இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கு, ராத்திரி அப்படியே கிடக்கட்டும்" என்ற பேச்சுக்கு இடமில்லை. நாலரை மணிக்கு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கிளிப்பையும் எண்ணி எடுங்கள். போன தடவை நான் மாடியில் விட்டுவந்த முப்பதில் திரும்பக் கிடைத்தது பதினொன்று.